எங்க அப்பா வயல் அரிசி

“உன் டப்பாவுல கண்டதுக்கெல்லாம் இடமிருக்கு, நான் விளைய வச்ச அரிசிக்கு மட்டும் இடமில்லையா?”

தஞ்சாவூரில், மகள் தமிழ்நிலாவின் சமையலறையில் நின்றுகொண்டு வீரையன் கேட்டார். குடவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் மாறி, கண்டக்டரோடு லக்கேஜுக்குச் சண்டை போட்டுக் கொண்டுவந்த அரிசி மூட்டை அவர் காலடியில் கிடந்தது. மகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை. ஜிம்முக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பதுதான் அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகச் சமைத்து, ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து, டப்பாவில் அடைத்து அனுப்பிவிடுவாள். வாங்கியவர்கள் ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு நாளுக்கு ஒன்றாகச் சூடு பண்ணிச் சாப்பிடுவார்கள். ஒரு பக்கம் கோழிக்கறி, ஒரு பக்கம் அவித்த காய், நடுவில் சோறு இருக்கவேண்டிய இடத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கோ ஓட்ஸோ இருக்கும்.

அந்த நடு இடத்தைப் பார்த்ததும் வீரையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத சீமையில் உட்கார்ந்துகொண்டு, எந்தத் தேசத்திலோ எவனோ விளைவித்ததை அவர் பெற்ற பெண் நிறுத்துப் போடுகிறாள். முந்தாநாள் டீக்கடையில் பக்கத்து வயல் அண்ணாதுரை, “உன் மகளே உன் அரிசிய வேணாங்குதாமே” என்று எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் வீரையனை மூட்டையோடு பஸ் ஏற்றிவிட்டது.

தமிழ்நிலா வேலையை நிறுத்தாமலே பொறுமையாக விளக்கினாள். உடம்பைக் குறைக்கிறவர்கள் மாவுச்சத்தை அளந்துதான் சாப்பிடுவார்களாம். வெள்ளைச் சோறு சட்டென்று செரித்துச் சர்க்கரையை ஏற்றிவிடுமாம், உடனே மறுபடி பசிக்குமாம். கிழங்கென்றால் கொஞ்சம் நின்று செரிக்குமாம்.

கிழங்கு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வீரையனின் குரல் உயர்ந்தது.

“உன் தாத்தா நாள் பூரா பண்ணை வயல்ல நெல்லுக்குள்ளதான் நின்னாரு. வீட்டுல அடுப்புல வெந்தது கிழங்குதான். நம்ம வயலு, நம்ம நெல்லுன்னு ஆக்குறதுக்குள்ள என் பாதி ஆயுசு போயிடுச்சு. நீ என்னடான்னா மறுபடி கிழங்குக்கே போற.”

தமிழ்நிலாவின் கை அப்போதுதான் நின்றது.

வீரையனின் கோபத்தில் தப்புச் சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று வானத்தையும் செய்தியையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும். அறுக்கிற நேரத்தில் பெய்து தொலைக்கிற மழைக்குத் தப்பிக்க வேண்டும். கொள்முதல் நிலையத்து வாசலில், ஈரம் இருக்கிறது போ என்று துரத்தினால் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக் காவல் கிடக்க வேண்டும். இவ்வளவையும் தாண்டி அரிசி தட்டுக்கு வந்தால், அங்கே ஒரு ஜிம் மாஸ்டர் நின்றுகொண்டு சோறு ஆகாது என்கிறான். ஊருக்கே படியளக்கிறவனுக்கு எரியாமல் என்ன செய்யும்?

மூட்டை திரும்பி ஊருக்குப் போவதென்றால் தானும் அதோடு போய்விடுவதாகவும், இனி இந்த வாசற்படியை மிதிக்கப்போவதில்லை என்றும் வீரையன் சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிற ஆள் அவர். தமிழ்நிலாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

“என்னை நம்பித்தாம்ப்பா வாங்குறாங்க. ஒவ்வொண்ணும் எங்கேருந்து வருதுன்னு கேக்குறாங்க.”

“உங்கப்பன் வயல்லேருந்து வருதுன்னு சொல்லு. அதவிட என்ன நம்பிக்கை வேணும்?”

அவள் அப்போதுதான் மூட்டையைத் திரும்பிப் பார்த்தாள். சோறே கூடாது என்று ஒன்றும் இல்லை. கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்குச் சோறும் வேண்டும், அளவாகக் கீரையோடும் காயோடும் போட்டால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். பிறகு ஓட்ஸ் டின்னை மூடி மேலே ஏற்றிவிட்டு, அரிசி மூட்டையின் தையலைப் பிரித்தாள்.

சோறு வெந்து ஆறியது. அவள் நிறுத்து நிறுத்துப் போட, வீரையன் ஒவ்வொரு மூடியாக அழுத்தி மூடினார். ஒவ்வொன்றின் மேலும் அவள் பேனாவால் ‘எங்க அப்பா வயல் அரிசி’ என்று எழுதினாள். வீரையனின் கோபம் போன இடம் தெரியவில்லை. ஒரு டப்பாவைப் படம் எடுத்து அண்ணாதுரைக்கு அனுப்பச் சொன்னார். எழுத்து தெளிவாக விழவில்லை என்று இன்னொரு தடவையும் எடுக்கச் சொன்னார்.

டப்பாக்களை எடுத்துப் போகிற பையன் வந்து வாங்கிக்கொண்டு போனான். பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் சோறு மிச்சமிருந்தது. வருஷக்கணக்கில் சோற்றைத் தொடாத தமிழ்நிலா, அப்பாவுக்காக அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, மோரை ஊற்றிப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

வீரையன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இத நீ திங்காதம்மா. இது விக்கிற நெல்லு, நட்டதுலேருந்து கதிரு முத்துற வரைக்கும் மருந்து மேல மருந்தா அடிச்சது. நாம திங்கிறதுக்குன்னு வாய்க்கா ஓரத்துல மருந்தே படாம தனியா விளைய வச்சிருக்கேன், உனக்குன்னு அம்மா அதுல ரெண்டு படி குடுத்துவிட்டிருக்கா.”