முதல் சத்தம்

“ஏட்டி, மூஞ்சியைப் பாத்துப் பேசு.”

பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த சத்யபிரியா சட்டென்று திரும்பினாள். அப்பா பரமசிவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இருபத்தேழு வயதாகியும் அந்த அதட்டலுக்கு அவள் உடம்பு பள்ளிக்கூடப் பிள்ளையாகிவிடுகிறது.

“என் கேசட் வந்திருக்குன்னு சொன்னேன்ப்பா. அடுத்த வாரம் கடைக்கு வருது. எட்டுப் பாட்டு. நானே எழுதி, நானே மெட்டுப் போட்டுப் பாடினது.”

“சினிமாவா?”

“இல்லப்பா, ராக். கிட்டார், டிரம்ஸ் எல்லாம் இருக்கும்.”

அவர் கேசட்டை வாங்கி, கிட்டாரோடு நின்ற மகளின் படத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். கீழே ‘முதல் சத்தம்’ என்று சிவப்பு எழுத்து.

“பேரு நல்லாத்தான் இருக்கு. போடு.”

அம்மா சுடலையம்மாள் அடுக்களையிலிருந்து வந்து அப்பாவுக்கு எதிரே நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்த பிறகே வாய் திறந்தாள். “மெதுவா வைக்கச் சொல்லுங்க. பக்கத்து வீட்டுல பரீட்சைக்குப் படிக்குதாங்க.”

அம்மா எப்போதும் இப்படித்தான். உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுக்க மாட்டாள். புருஷனிடம் இவ்வளவு பயமா என்று பிரியாவுக்கு எரிச்சலாக வரும்.

ஒன்பதாம் வகுப்பில் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய அன்று, அந்தப் பாட்டை இதே அறையில் அப்பாவுக்காகப் பாடினாள். வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பாடினாள். முடித்துத் திரும்பியபோது அவர் பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார்: “சாப்பிட்டாச்சா?”

அந்த ஒரு சொல் பதின்மூன்று வருஷமாக அவளுக்குள் ஆறாமல் கிடந்தது. கேசட்டின் மூன்றாவது பாட்டு முழுக்க அந்தச் சொல்தான். இன்றும் அதையே கேட்டாரானால், இந்தப் படி ஏறுவது இதுவே கடைசி என்று பெங்களூரில் ரயில் ஏறும்போதே முடிவு செய்திருந்தாள்.

கேசட்டை டேப் ரிக்கார்டரில் போட்டாள். முதல் பாட்டு தொடங்கியது.

“இன்னும் கூட்டி வை,” என்றார் அப்பா.

கூட்டினாள்.

“இன்னும்.”

அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் நடுங்கத் தொடங்கின. பக்கத்து வீட்டு சோலைச்சாமி வாசலுக்கே வந்துவிட்டார். அப்பாவோடு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்.

“என்ன தாயி, உங்கப்பன் போன மாசம் ரிட்டயர் ஆனான்னு மில்லையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டியா?”

அம்மா சிரித்தாள். அப்பா வாசல் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மூன்றாவது பாட்டு வந்தது. டிரம்ஸ் இடித்து இறங்க, அதன் மேலே பிரியாவின் குரல் கிழிந்துகொண்டு ஏறியது. அப்பா நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் ஸ்பீக்கரின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கோயிலில்கூட அவர் முகம் இப்படி ஆனதைப் பிரியா பார்த்ததில்லை. கல்லூரி மைதானத்தில் இரண்டாயிரம் பேர் கைதட்டக் கேட்டிருக்கிறாள். ஒரு பாட்டை இப்படி வாங்கிக்கொண்ட ஆளைக் கண்டதில்லை. எறிவதற்கென்று எடுத்து வந்த கல்லை, ஒருவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டது போலிருந்தது. தன் பாட்டின் முன்னால் தானே சிறுத்துப்போய் நின்றாள்.

ஒரு பக்கம் ஓடி முடிந்து டேப் ‘டக்’கென்று நின்றது. அப்பா கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண் திறந்து அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிரியா பை வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மாடி,” என்றார். “தரையெல்லாம் அதிருது. இம்புட்டையும் நீயா செஞ்ச?”

“ஆமாப்பா.”

“கொட்டு உள்ளங்கையில ஏறுது. உன் குரல்தான் எங்கன இருக்குன்னு பிடிபடல தாயி.”

அவளுக்குப் புரியவில்லை. அம்மா வந்து அவருக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள். “இனியாவது அவகிட்ட சொல்லுங்க. அதான் ரிட்டயர் ஆயாச்சுல்லா.”

அப்பா தலை குனிந்துகொண்டார்.

“மில்லு இரைச்சல்ல நீ பொறக்கும்போதே பாதிக் காது போச்சு. நீ பள்ளிக்கூடம் போகையில மிச்சமும் போச்சு. அங்கன எல்லாருமே உதட்டைப் பாத்துத்தான் பேசிக்கிடுவோம், அதனால எவனுக்கும் தெரியல. தெரிஞ்சா மில்லு கேட்டுலயே நிப்பாட்டிருவாங்கன்னு உங்கம்மைகிட்ட மட்டும் சொன்னேன்.” பிறகு நிமிர்ந்தார். “நீ நல்லாப் பாடுவேன்னு ஊரே சொல்லுது. நான்தான் பாத்ததே இல்ல. எனக்கு நேரா நின்னு ஒரு பாட்டுப் பாடேன்.”

பிரியா அவர் முகத்தைப் பார்த்து நின்றாள். எட்டுப் பாட்டில் ஒன்றுதான் தொண்டைக்கு வந்தது.

“சாப்பிட்டாச்சா…” என்று இழுத்துத் தொடங்கினாள்.

இமை தட்டாமல் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த பரமசிவன், “நான் அப்பவே சாப்பிட்டுட்டேன் தாயி, நீ பாட்டைப் பாடு,” என்றார்.