பின்கழுத்து மச்சம்

ரிவர்ஸ்டன் மலைப்பாதையின் ஏற்றத்தில் பனி மெல்லக் கலைந்து, பத்து மணி வெயில் தேயிலைச் செடிகளின் மேல் சுள்ளென்று விழுகிறது. மாகாண நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கும் தோழிகள் இருவர் வளைவில் நின்று மூச்சு வாங்குகிறார்கள். எப்போதும் முன்னால் ஓடுகிற விதுஷாவுக்குக் கையில்லாத பெனியன், தூக்கிக் கட்டிய கொண்டை. பின்னால் வருகிற ஜெஸ்லாவுக்கு முழுக்கைச் சட்டை, ஹிஜாப், அதன்மேல் ஒரு தொப்பி. "இந்தப் பனியில என்னாத்துக்குடி இவ்ளோ மூடுற?" என்று விதுஷா வழக்கம்போலக் கேலி செய்கிறாள். பனி இருந்தால் வெயில் சுடாது என்பது இந்த மலையில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. ஜெஸ்லா சிரிக்கவில்லை. "திரும்பாம நில்லு" என்று சொல்லி, அவளுடைய பின்கழுத்தைப் போனில் படம் எடுக்கிறாள். தை மாத ஓட்டத்தில் எடுத்த பழைய படத்தையும் தேடிப் பிடித்து, இரண்டையும் காட்டுகிறாள். அன்றைக்கு மிளகளவில் உருண்டையாக இருந்த மச்சம், இன்றைக்கு ஓரம் பிய்ந்ததுபோலப் படர்ந்து, ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் சிவந்தும் இருக்கிறது. "அதுவா? மாலை விழுற மச்சம்னு அம்மா சொல்வாங்க. பெருசாகப் பெருசாக அதிஷ்டமாம்." "அம்மாகிட்ட காட்டினது போதும் விது. இப்பிடி உருமாறுற மச்சம் தோல் புற்றாவும் இருக்கலாம். திங்கக்கிழமை டொக்டர்கிட்ட காட்டுவோம். நானும் வாறேன்." விதுஷாவின் விரல் பின்கழுத்தைத் தேடிப்போய்த் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. "வலிக்கவே இல்லையேடி" என்கிறாள் சின்னக் குரலில். ஜெஸ்லா அவளுடைய கொண்டையை அவிழ்த்து, வெயில் படாதபடி கூந்தலைக் கழுத்தின்மேல் பரத்துகிறாள். தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைக்கிறாள். இறக்கத்தில் ஜெஸ்லா பின்னால் வரவில்லை. பக்கத்தில் வருகிறாள்.