வலப்பக்கம் பதினைந்து டிகிரி

பர்மாவில் குண்டு போட்டுவிட்டு இருட்டில் திரும்பும் விமானம். பெட்ரோல் தீர்வதற்குள் தளம் அகப்பட வேண்டும். தவறினால் வங்காள விரிகுடாதான். மேகம் விலகிய இடத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, வழி கணிக்கும் வைரவன் கணக்குப் போட்டார். வலப்பக்கம் பதினைந்து டிகிரி திருப்ப வேண்டும். விமானி தேவசகாயமோ எதைச் சொன்னாலும் பாதியாக வெட்டுகிற ஆசாமி.

“கேப்டன், வலப்பக்கம் முப்பது!”

“முப்பதா? என்ன செட்டியாரே, இமயமலைக்கா போறோம்? பதினஞ்சுதான் தருவேன்.”

“கட்டுப்படியாகாதுங்க” என்று முனகிவிட்டு, “சரி, உங்களுக்காக” என்று இறங்கி வந்தார் வைரவன்.

சற்றைக்கெல்லாம் ஓடுபாதை விளக்குகள் இரண்டு வரிசையாக நேர் எதிரே எழுந்து வந்தன.

“பாத்தீரா ஓய்! உம்ம பேச்சைக் கேட்டிருந்தா மலையில மோதியிருப்போம்!”

“எல்லாம் உங்க கைராசிங்க, கேப்டன்” என்ற வைரவன், சிரிப்பு வெளியே தெரியாமல் ஆக்ஸிஜன் முகமூடியை மேலே இழுத்துக்கொண்டார்.