நடைபாதையில் அரசறிவியல்

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு அருள்நாயகி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"மாஸ்ரர், அமெரிக்க சனாதிபதி நினைச்சா சண்டையை இண்டைக்கே நிப்பாட்டலாமோ?"

ரொறன்ரோ யூனிவர்சிற்றி அவெனியூவில், அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு எதிரே, நடைபாதையில் போராட்டத்துக்கு இருந்தோம். 2009 மே மாதம். வன்னியில் சண்டை முடிந்துவிட்டதென்று ரிவியில் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். நாங்கள் ரிவியை நம்பவில்லை. தூதரகத்தை நம்பினோம்.

என்னிடம் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியில் ஏ.எல். பிள்ளைகளுக்கு அரசறிவியல் படிப்பித்தவன் நான். அமெரிக்க அரசியலமைப்பு எனக்கு மனப்பாடம். அமெரிக்காவை நான் பார்த்தது நயாகராவின் இக்கரையில் நின்றுதான். விசா கேட்கப் பயம்.

இங்கே பாண் சுடும் தொழிற்சாலையில் பொதி செய்கிறேன். பாணுக்கு அரசியலமைப்பு தேவைப்படுவதில்லை.

நடைபாதைக்கும் தேவைப்படவில்லை. நான் செனற் என்று வாயெடுத்தால் சூசைதாசன் எழும்பிவிடுவார். டாக்ஸி ஓடுகிறவர்.

"மாஸ்ரர் அமெரிக்காவைத் திறந்திட்டார். ஓடுங்கோ" என்பார்.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பாதியில் நின்ற வாக்கியம் மட்டும் அன்று முழுவதும் தொண்டையில் கிடக்கும்.

அன்றைக்கு என் செல்போன் அருள்நாயகியிடம் இருந்தது. எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை. தன்னுடையதில் சார்ஜ் இல்லை என்று காலையிலேயே வாங்கியிருந்தாள். கொடுக்க எனக்கு மனமில்லை. தம்பி வினோதனிடம் இருந்த ஒரே இலக்கம் அது. அவன் முள்ளிவாய்க்காலில் ஒரு பங்கருக்குள் இருந்தான்.

"தம்பி எடுத்தால் உடனே தாரும், பிள்ளை" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

யாருடையதோ சற்றலைற் போனில் கடைசியாக எடுத்தபோது அவன் ஒன்றுதான் கேட்டான். அண்ணை, அமெரிக்கன் வருவானோ?

நான் காங்கிரசிலிருந்து தொடங்கினேன். சனாதிபதிக்கு வருவதற்குள் லைன் அறுந்துவிட்டது.

அதே கேள்வியை இப்போது அருள்நாயகி கேட்கிறாள். செல்போனோடு தெரு மூலை வரை போய் வந்தவள், சூசைதாசனின் காதில் ஏதோ சொல்லிவிட்டு என் முன்னால் சம்மணம் கட்டி இருந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. காற்று அப்படி.

வெறும் கோப்பிக் கப் மூன்றைப் பொறுக்கிக் கவிழ்த்து வைத்தேன்.

ஒன்று சட்டத்தை ஆக்கும். ஒன்று அதை நடத்தும். ஒன்று தீர்ப்புச் சொல்லும். ஒன்றின் வேலையை மற்றது செய்ய முடியாது. இதற்குப் பெயர் வலுவேறாக்கம்.

ஒருவரும் எழும்பவில்லை. சூசைதாசன் இன்னும் கிட்டவாக நகர்ந்து வந்தார்.

"செனற்றில ஒரு மாநிலத்துக்கு எத்தினை பேர், மாஸ்ரர்?"

"ரெண்டு. பெரிய மாநிலம் எண்டாலும் ரெண்டுதான், சின்னது எண்டாலும் ரெண்டுதான்."

"நல்ல சட்டம்" என்றார்.

சூசைதாசன் வாயிலிருந்து வந்தது. அமெரிக்க அரசியலமைப்பை எழுதியவனே நான் என்பதுபோல் தலையாட்டினேன்.

பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. பிரதிநிதிகள் சபை. உயர் நீதிமன்றம். குற்றப்பிரேரணை. காங்கிரஸ் நிறைவேற்றியதைச் சனாதிபதி ஒருவரே தடுக்கலாம், அது வீற்றோ. மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் அந்தத் தடையையும் தாண்டலாம். ரியூட்டரியில் பிள்ளைகள் குறிப்பு எழுதினார்கள், கொட்டாவி விட்டார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்ட வகுப்பு இதுதான்.

இடையில் ஒருமுறை நினைவு வந்தது.

"பிள்ளை, கோல் ஏதும் வந்ததோ?"

"நீங்கள் சொல்லுங்கோ, மாஸ்ரர்."

அதை நான் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் தூதரகத்திலிருந்து ஒரு அதிகாரி வெளியே வருவார், அவரிடம் இதையெல்லாம் ஆங்கிலத்தில் நானே சொல்கிறேன் என்றேன். நாயோடு நடந்துவந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்று எங்களைப் பார்த்தாள். இன்றைக்கு விக்டோரியா தினம், உள்ளே ஒருவரும் இல்லை என்று இரக்கமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அமெரிக்கக் காங்கிரஸ் எந்த மாதம் கூடும் என்பது எனக்குத் தெரியும். நான் வரி கட்டும் நாட்டில் மகாராணிக்காக விடும் லீவு தெரியாது. பாண் தொழிற்சாலையும் அன்று பூட்டித்தான் இருந்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. கிடைத்த லீவைக் கொண்டுவந்து பூட்டிய கட்டடத்தின் முன்னால் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

சூசைதாசனுக்கு ஒரு வருடத்துக்குக் கேலி செய்ய இது போதும். வாங்கிக்கொள்ளத் தயாராகி அவரைப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை.

டாக்ஸிக்காரனுக்கு எந்த நாள் லீவு என்று தெரியாமலிருக்காது. காலையிலிருந்தே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் செனற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

சுற்றியிருந்தவர்களைப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் கட்டடத்தைப் பார்க்கவுமில்லை. எல்லோரும் சப்வே ரயில் நிலையப் படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படிகளில் ஜெயமலர் ஏறி வந்தாள். குப்பை போடப் போனாலும் தலை இழுத்துக் கட்டாமல் வாசலைத் தாண்டாத என் மனைவி, விரித்த தலையோடும் வீட்டுச் செருப்போடும் வந்தாள். இரண்டு பெண்கள் இரு பக்கமும் அவளைப் பிடித்திருந்தார்கள்.

எழும்பப் பார்த்தேன். சூசைதாசனின் கை என் தோளில் இருந்தது. எப்போது வைத்தாரோ தெரியாது.

அருள்நாயகி படிகளின் பக்கம் திரும்பவில்லை. மடியில் என் செல்போனை இரண்டு கைகளாலும் பொத்தி வைத்திருந்தாள். பிறகு ஒரு கையை எடுத்து, காற்றில் சரிந்த கப்பை மறுபடி கவிழ்த்து வைத்தாள்.

"மாஸ்ரர், அந்த வீற்றோவை இன்னொருக்காச் சொல்லுங்கோ."