தொப்பி பின்னிய அம்மா

ஊர் ஆலயத்தின் சன்னல் வழியே காலை வெயில் பெஞ்சுகளின் மேல் சாய்ந்து விழுகிறது. போன வாரம் இறந்த முதியவளுக்கு இன்று நினைவு ஆராதனை. அவளுடைய ஒரே மகள் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி கடைசி பெஞ்சுக்கு வருகிறாள். அதில் மீதியிருந்த இடத்தில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர்த் தையல்காரர் தன் பையை எடுத்து வைக்கிறார். அவள் நின்றுகொள்கிறாள். "இந்தச் சபையில பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா கையால கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தாங்க," என்கிறார் போதகர். மூக்கை உறிஞ்சும் சத்தம் பெஞ்சு பெஞ்சாகப் பரவுகிறது. "என் பிள்ளைக்குப் பின்னல," என்கிறாள் மகள். அத்தனை தலைகளும் திரும்புகின்றன. "அவங்க பேச்சை மீறி ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணினவதானே நீ? இப்ப நியாயம் கேக்க வந்துட்டா!" தையல்காரரின் மனைவி சீறுகிறாள். "கைப்பிள்ளையோட வந்து அம்மா வீட்டு வாசல்ல மழையில நின்னேன்க்கா. உள்ள விளக்கு எரிஞ்சுது. கதவு திறக்கல." "ஜெபிப்போம்," என்று போதகர் அவசரப்படுத்துகிறார். எல்லோரும் கண்களை மூடுகிறார்கள்; மகள் மூடவில்லை. பிள்ளை, பீடத்தருகே மாலை போட்டிருக்கும் படத்தைக் காட்டி, "அது யாரும்மா?" என்கிறது. "இவங்களுக்கெல்லாம் அம்மா," என்கிறாள் அவள், குரலைத் தாழ்த்தாமல்.