அஞ்சலையின் கட்டைவிரல்

இன்ஸ்பெக்டர் ஹேமலதா மிட்டாய் டப்பாவைத் திறந்தாள். உள்ளே பதினேழு ரப்பர் கட்டைவிரல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது.

"இதுல அஞ்சலையோடது எதுடா?"

இ-சேவைக் கடைக்காரன் சுகுமார் ஒன்றைப் பொறுக்கி, நாக்கில் புரட்டி எடுத்து, கைரேகை மெஷினில் அழுத்தினான். "ஈரம் இருந்தாத்தான் மேடம் எடுக்கும்." பச்சை விளக்கு எரிந்தது. திரையில் அஞ்சலையின் படமும் பெயரும் வந்தன. போன வருடம் கார்டு புதுப்பிக்க வந்தவளிடம் அச்சு எடுத்துவைத்து, மாதாமாதம் அவள் ரேஷன் அரிசியை வாங்கித் தின்றிருக்கிறான்.

"அடுத்தவங்க அடையாளத்தைத் திருடினா மூணு வருஷம். தெரியுமா?"

"அதிகபட்சமே மூணுதான் மேடம்" என்று உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

அவனை அறைய வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் நின்ற அஞ்சலையின் பக்கம் திரும்பி, "நீ வைம்மா. இனிமே உன் அரிசி உனக்குத்தான்" என்றாள் ஹேமலதா.

அஞ்சலை கையைப் புடவையில் துடைத்துவிட்டு விரலை வைத்தாள். சிவப்பு. அழுத்தி வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"ஆறு மாசமா முந்திரிக்கொட்டை ஒடைக்கிறேம்மா. எண்ணெ பட்டுப் பட்டு ரேகையெல்லாம் வெந்துபோச்சு."

சுகுமார் சிரித்தான்.

அஞ்சலை அவனைப் பார்க்கவில்லை. மேஜைமேல் எச்சில் மினுங்கக் கிடந்த அந்த ரப்பர் விரலையே பார்த்தாள்.

"எம்மா... அதை எங்கிட்டயே குடுத்துடச் சொல்லேன்."