மாலை போட்ட வண்டி

சமதரையில் நன்றாக ஓடிய கார், மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் தளர்ந்து, முதல் வளைவிலேயே நின்றுவிட்டது. இஞ்சின் ஓடியது, வண்டி ஏறவில்லை. “பெட்ரோல் போக மாட்டேங்குதுங்க” என்றபடி டிரைவர் சென்னியப்பன் பானெட்டைத் திறந்தான். மேலே ஆஸ்பத்திரியில் பாவாயியின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்திருந்தது. பின்சீட்டிலிருந்து இறங்கிய பாவாயி, இஞ்சினருகே குனிந்து காது கொடுத்தாள். அவள் பல வருட ஆஸ்துமாக்காரி. “பெட்ரோல் இல்ல தம்பி, இதுக்கு மூச்சு முட்டுது. மேட்டுல எனக்கும் இப்படித்தான். இது எது வழியா மூச்சு இழுக்கும்?” சிரிக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இஞ்சினை நிறுத்தி, முகப்பு வலைக்குப் பின்னாலிருந்த குழாயைக் காட்டினான். அவள் விரலை விட்டு இழுத்தாள். செவ்வந்தி இதழ்கள் கொத்துக் கொத்தாக வந்தன. வெள்ளிக்கிழமைதோறும் அவன் வண்டிக்குப் போட்ட மாலைகள். சாமிக்குப் போட்டதைக் கையால் கழற்றக் கூடாதென்று, தானாக உதிரும்வரை விட்டுவைத்தவை. உள்ளே அடைத்துக்கிடந்த ஏர் பில்டரை அவன் கழற்றித் தர, அவள் வாங்கி, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பாறையில் தட்டி உதறினாள். தூசு ஏறி இருமினாள். அதன்பிறகு கார் மிதித்த மிதிக்கெல்லாம் பாய்ந்து ஏறியது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் பாவாயி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். சென்னியப்பன் முதல்முறையாகத் தன் கையாலேயே வண்டியின் மாலையை அவிழ்த்து, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அவளிடம் ஓடினான். கழுத்தருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டான். அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.